ஜிம் பக்கத்துக் கடையின் ‘எனர்ஜி காம்போ’: மூன்று லேபிள்களையும் சேர்த்துப் படித்தபோது

கோவையில் உடற்பயிற்சிக் கூடங்கள் நெருங்கி அமைந்திருக்கும் சாலையொன்றில், சப்ளிமென்ட் கடை ஒன்று ‘எனர்ஜி காம்போ’ என்ற பெயரில் ஒரு பையை விற்கிறது. பையின் விலை ரூ. 2,999. உள்ளே பயிற்சிக்கு முன் குடிக்கும் ப்ரீ-ஒர்க்அவுட் பொடி ஒரு டப்பா, கொழுப்பைக் குறைக்கும் என்று சொல்லப்படும் ஃபேட் பர்னர் காப்ஸ்யூல் ஒரு புட்டி, ‘இலவசம்’ என்று ஒட்டிய 250 மில்லி எனர்ஜி ட்ரிங்க் ஆறு பாட்டில், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று கடையே அச்சிட்ட ஒரு தாள் ஆகியவை இருக்கின்றன. அதே சாலையில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர் நான். இந்தப் பையை வாங்கலாமா என்று என்னிடம் கேட்கும் இளைஞர்கள் அதிகமாகிவிட்டதால், நானே ஒன்றை விலைக்கு வாங்கி, எல்லா லேபிள்களையும் வரிக்கு வரி படித்து, பொடியை நிறுத்துப் பார்த்து இதை எழுதுகிறேன். கடையின் பெயரையோ பொடியும் காப்ஸ்யூலும் எந்தக் கம்பெனியுடையவை என்பதையோ இங்கே சொல்லப்போவதில்லை. இதே போன்ற சரக்கு வேறு பெயர்களில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

கடையைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். இறக்குமதியான டப்பாவில் இறக்குமதியாளர் பெயரும் பதினான்கு இலக்க உரிம எண்ணும் பச்சைப் புள்ளியும் கொண்ட ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. அது இல்லாத டப்பாக்களை வெளிப்படையாகவே அடுக்கி வைத்திருக்கும் கடைகள் இருக்கும் காலத்தில் இதைக் குறிப்பிடுவது நியாயம். காலாவதித் தேதி தூரத்தில் இருந்தது, மேல்மூடியின் அலுமினியத் தாள் கிழியாமல் இருந்தது, பில் முறையாகக் கொடுத்தார்கள். பொடியின் தர்பூசணிச் சுவை, நாக்கில் புளிப்பு சற்றே தூக்கலாக நின்றாலும், குடிக்கும்படிதான் இருந்தது. ஸ்கூப் என்ற அளவுக் கரண்டி பொடிக்குள் புதைந்திருந்ததால் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது என்பது எல்லா டப்பாவுக்கும் பொதுவான குறை.

இனி உள்ளடக்கத்துக்கு வருவோம். எனர்ஜி ட்ரிங்குக்கு நம் நாட்டில் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘காஃபீன் கலந்த பானம்’ என்பதாகும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வகுத்த தரத்தின்படி, இத்தகைய பானத்தில் லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 300 மில்லிகிராமுக்கு மிகாமலும் காஃபீன் இருக்கலாம். ஆகவே 250 மில்லி பாட்டில் ஒன்றில் 75 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை. ஆஸ்திரியாவில் 1987இல் விற்பனைக்கு வந்து இந்தச் சந்தையையே உருவாக்கிய ரெட் புல்லின் 250 மில்லி கேனில்கூட வெளிநாடுகளில் 80 மில்லிகிராம்தான் உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் கீழ் இயங்கும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை காஃபீன் இருப்பதாகக் கூறுகிறது. அதாவது காலையில் நம் வீட்டில் குடிக்கும் ஃபில்டர் காபி, பெட்டிக்கடையில் இருபது ரூபாய்க்கு விற்கும் சிவப்புப் பாட்டிலுக்குச் சளைத்ததல்ல. பாட்டிலை மட்டும் எப்போதாவது குடிக்கும் ஆரோக்கியமான இளைஞரிடம் அதன் சர்க்கரையைப் பற்றிச் சொல்வேனே தவிர, காஃபீனைப் பற்றிப் பயமுறுத்த மாட்டேன். ரெட் புல் கேன் ஒன்றிலேயே 27 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து தேக்கரண்டிக்கும் மேல், இருக்கிறது என்பதைக் குடிப்பவர்களில் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை.

பொடியின் லேபிள், ஒரு ஸ்கூப்பில் 200 மில்லிகிராம் காஃபீன் இருப்பதாகச் சொல்கிறது. கூடவே பீட்டா-அலனின், சிட்ருலின் என்ற அமினோ அமிலங்களும் நியாசின் (பி3), பி6, பி12 என்ற வைட்டமின்களும் உள்ளன. பத்து கிராம் என்று லேபிள் சொல்லும் ஸ்கூப்பை, விளிம்போடு வழித்து என் கடைத் தராசில் வைத்தபோது சரியாகவே இருந்தது; ஆனால் ஜிம்மில் யாரும் விளிம்போடு வழிப்பதில்லை. கும்பாரமாக அள்ளியபோது தராசு பதினான்கு கிராமைக் காட்டியது. அந்த நான்கு கிராம் வித்தியாசத்தில் காஃபீன் 280 மில்லிகிராமாக ஏறிவிடுகிறது. இதற்கிடையில், வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் பொடியை அப்படியே வாயில் கொட்டித் தண்ணீர் குடிக்கும் ‘ட்ரை ஸ்கூப்’ வழக்கமும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அது காஃபீனை மொத்தமாக ஒரே மூச்சில் உள்ளே இறக்குவதோடு, பொடி மூச்சுக்குழாயில் புகுந்து புரையேறவும் வழி செய்கிறது.

மூன்றாவதாகக் காப்ஸ்யூல். ஒன்றுக்கு 100 மில்லிகிராம் காஃபீன், ஒரு வேளைக்கு இரண்டு என்று லேபிள் கூறுகிறது. அதற்குக் கீழே கிரீன் டீ சாறு, கசப்பு ஆரஞ்சுச் சாறு, குவாரனா விதைச் சாறு என்று மூலிகைப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இந்த வரிசைதான் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது. குவாரனா என்பது அமேசான் காட்டுக் கொடியொன்றின் விதை. அதன் வேலையே காஃபீனைத் தருவதுதான். அந்த விதையிலிருந்து வரும் காஃபீன், மேலே சொன்ன 100 மில்லிகிராமுக்குள் அடங்குமா, அதற்கு மேலா என்று லேபிளில் எங்கும் இல்லை. கசப்பு ஆரஞ்சில் இருப்பது சினெஃப்ரின். அது எஃபெட்ரின் என்ற ஊக்கப்பொருளின் உறவுக்காரப் பொருள். காஃபீனுடன் சேரும்போது இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது. ‘மூலிகை’ என்ற சொல்லைப் பார்த்ததும் பக்கவிளைவு இல்லை என்று முடிவு செய்துகொள்ளும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருப்பதால், இந்த வரிசையை யாரும் மறுபடி படிப்பதில்லை.

ஆக, மூன்று பொருட்களும் தனித்தனியே தங்கள் அளவைச் சொல்லியிருக்கின்றன. மூன்றும் தனித்தனியே சட்டத்துக்குள் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். கடையின் தாள்தான் அவற்றைச் சேர்த்து வைக்கிறது. பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு இரண்டு காப்ஸ்யூலை விழுங்கிவிட்டு, பொடியைத் தண்ணீருக்குப் பதிலாக எனர்ஜி ட்ரிங்கில் கலக்கிக் குடித்தால் ‘டபுள் பம்ப்’, அதாவது தசைகளில் இரு மடங்கு புடைப்பு, கிடைக்கும் என்று அந்தத் தாள் அறிவுரை சொல்கிறது. சொன்னபடி ஷேக்கரில் ஊற்றிப் பார்த்தேன். கேஸ் அடைத்த பானத்தில் பொடி விழுந்த நொடியில் இளஞ்சிவப்பு நுரை பொங்கி, மூடியைத் திறந்த கையெல்லாம் வழிந்து, மேசையில் பாதி போயிற்று. அதை நான் குடிக்கவில்லை. குடிப்பதற்கு முன்பே கணக்கு முடிந்துவிட்டது: பாட்டிலில் 75, ஸ்கூப்பில் 200, காப்ஸ்யூல்களில் 200, ஆக மொத்தம் 475 மில்லிகிராம். கும்பாரமாக அள்ளினால் 555. குவாரனா கணக்கில் வரவில்லை. காலை காபியும் மாலை டீயும் கணக்கில் வரவில்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் அளித்த கருத்துரையில், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரே நேரத்தில் 200 மில்லிகிராம், நாள் முழுவதற்கும் 400 மில்லிகிராம் வரை காஃபீன் கவலைக்குரியதல்ல என்றது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவும் நாளொன்றுக்கு 400 என்றே குறிப்பிடுகிறது. நம் ஊட்டச்சத்து நிறுவனம் இன்னும் கறாராக 300 மில்லிகிராமில் கோடு போடுகிறது. இந்தக் காம்போ, நாள் முழுவதற்குமான அளவை அரை மணி நேரத்துக்குள் தாண்டிவிடுகிறது. எனர்ஜி ட்ரிங்கில் உள்ள டாரின் போன்ற மற்றப் பொருட்கள் காஃபீனின் பாதுகாப்பைக் கெடுப்பதில்லை என்றும் அதே ஐரோப்பிய ஆணையம் சொல்லியிருப்பதைச் சப்ளிமென்ட் விற்பவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அந்த உத்தரவாதம் ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம் காஃபீன் வரைதான் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு ஆள் இது வெகுவாக வேறுபடும். மாலை ஆறு மணிக்கு 475 மில்லிகிராம் உள்ளே போனால், இரவு பதினொரு மணிக்குப் படுக்கும்போது ஏறக்குறைய 240 மில்லிகிராம் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு டம்ளருக்கும் மேல் காபியைக் குடித்துவிட்டுப் பாயில் படுப்பதற்குச் சமம் அது. தூக்கம் வராதவர் மறுநாள் அதே கடையில் மெலட்டோனினோ அஸ்வகந்தாவோ கேட்பார். கடையில் அதுவும் உண்டு. தூக்கம் கெட்டதால் மறுநாள் பயிற்சியில் சோர்வு வர, ஸ்கூப் ஒன்றரை ஆகும். இந்தச் சுழலை என் கடைக் கவுண்டரில் நின்றபடியே பார்க்க முடிகிறது.

என் கவலை வேறொரு இடத்தில் கூடுதலாக இருக்கிறது. ஒரு மாலை, வியர்த்து நனைந்த பனியனோடு வந்த கல்லூரி மாணவர் ஒருவர், “அண்ணா, கேஸ் ட்ரபுளுங்க, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, நல்ல கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்க” என்று கேட்டார். உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்தபோது நாடி வேகமாக ஓடியது. விரித்த விரல்கள் மெல்ல நடுங்கின. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்லீங்ணா, ப்ரீ-ஒர்க்அவுட் மட்டும்தான், அந்தப் பாட்டில்ல கலக்கிக் குடிச்சேன்” என்றார். அவர் கேட்ட ‘நல்ல கேஸ் மாத்திரை’ என்பது நம் ஊரில் பெரும்பாலும் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலும் குமட்டலை அடக்கும் டோம்பெரிடோனும் சேர்ந்த காப்ஸ்யூலைக் குறிக்கும். டோம்பெரிடோன், இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மின்னூட்டத்தை மீட்டுக்கொள்ளும் நேரத்தை, அதாவது இசிஜியில் கியூடி என்று அளக்கப்படும் இடைவெளியை, நீட்டக்கூடிய மருந்து. அது மிகவும் நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம். அந்தக் காரணத்துக்காகவே ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அதன் அளவையும் நாட்களையும் கட்டுப்படுத்தியது. எனர்ஜி ட்ரிங்கும் அதிக அளவில் அதே இடைவெளியை நீட்டுகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆக, படபடப்புக்கு அந்தப் பையன் தேடிவந்த மருந்து, படபடப்புக்குக் காரணமான பக்கத்திலேயே போய் நிற்கக்கூடியது. நான் மாத்திரை கொடுக்கவில்லை. ஆட்டோ வைத்து அருகிலிருந்த மருத்துவமனைக்கு இசிஜி எடுக்க அனுப்பினேன். இசிஜியில் வேகத்தைத் தவிர வேறு கோளாறு இல்லை என்று பிறகு வந்து சொன்னார்.

அந்தச் சோதனைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ‘காபியும் காஃபீன்தானே’ என்ற வாதத்துக்கு அவற்றில்தான் பதில் இருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கத்தின் ஆய்விதழில் 2017இல் வெளியான சோதனையில், ஆரோக்கியமான பதினெட்டு இளைஞர்களுக்கு 946 மில்லி எனர்ஜி ட்ரிங்கை ஒரு முறையும், அதே 320 மில்லிகிராம் காஃபீனை மட்டும் கொண்ட பானத்தை இன்னொரு முறையும் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அளந்தபோது, எனர்ஜி ட்ரிங்க் குடித்தவேளையில் கியூடி இடைவெளி காஃபீன் பானத்தைவிடச் சுமார் 10 மில்லிசெகண்ட் கூடுதலாக நீண்டிருந்தது. ஆறு மணி நேரம் கழித்தும் ரத்த அழுத்தம் முழுமையாக இறங்கவில்லை. 2019இல் முப்பத்து நான்கு பேரிடம் நடந்த மற்றொரு சோதனையில், நான்கு மணி நேரம் கழித்து வெற்றுப் பானத்தை ஒப்பிட இடைவெளி 6 முதல் 7.7 மில்லிசெகண்ட் வரை கூடுதலாக இருந்தது. இவை சிறிய சோதனைகள். நல்ல இதயம் உள்ளவருக்கு இந்த அளவு நீட்சி ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆனால் பிறவியிலேயே அந்த இடைவெளி நீண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது தெரியாது. 2024இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை வெளியிட்ட ஆய்வில், திடீர் இதய நிறுத்தத்திலிருந்து மீண்ட 144 மரபுவழி இதயநோயாளிகளில் ஏழு பேர் அந்நிகழ்வை ஒட்டி எனர்ஜி ட்ரிங்க் குடித்திருந்தார்கள் என்று தெரியவந்தது. பானமே காரணம் என்று அதை வைத்து நிரூபிக்க முடியாது என்பதை ஆய்வாளர்களும் மறைக்கவில்லை. இந்தச் சோதனைகளில் குடித்தது வெறும் பானத்தைத்தான் என்பதையும், சினெஃப்ரின் கலந்த காப்ஸ்யூலை அதோடு யாரும் விழுங்கவில்லை என்பதையும் வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும்.

காஃபீனை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்தப் பையை வாங்குபவருக்கு ஒரே பொருள் மூன்று வழிகளில் வந்துவிடக்கூடும். பானத்தில் பி வைட்டமின்கள், பொடியில் பி வைட்டமின்கள், இவற்றை வாங்குகிறவர்களில் பலர் வீட்டில் தனியாக ஒரு மல்டிவைட்டமினும் விழுங்குகிறார்கள். ‘வைட்டமின்தானே, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும்’ என்ற பேச்சு முழுக்க உண்மையல்ல. பி6 பல மாதங்கள் அதிகமாகச் சேர்ந்தால் நரம்பைப் பாதித்து, கைகால் மரத்துப்போதல், எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவற்றைத் தரும். அமெரிக்காவில் இதன் மேல்வரம்பு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் என்றிருக்க, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் 25இலிருந்து 12 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. நம் ஊரில் கால் மரத்தால் மக்கள் முதலில் வாங்குவது நரம்புச் சத்து மாத்திரையைத்தான். அதிலும் பி6 இருக்கும். காரணமே சிகிச்சையாகிவிடும் அபாயம் இது. ஆகையால் மரத்துப்போகிறது என்று சொல்லும் இளைஞரிடம் வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் நான் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பதில்லை.

நியாசினுக்கு வேறு கதை. நிகோடினிக் அமில வடிவில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் முகமும் காதும் சிவந்து சூடாகும். பீட்டா-அலனினோ உதட்டிலும் காது மடலிலும் விரல் நுனியிலும் குறுகுறுப்பைத் தரும். இரண்டும் பெரும்பாலும் தீங்கற்றவை, சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் ‘பொடி வேலை செய்கிறது’ என்பதற்கு அடையாளமாக இவற்றை எடுத்துக்கொள்ளப் பழகியவர், காஃபீனால் வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார். உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை விளம்பரமாக மாறிவிடுகிறது. இவற்றில் எது எது எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை; “அப்படித்தாங்க ஆரம்பத்துல இருக்கும், போகப்போகப் பழகிரும்” என்பதே என் கேள்விக்கு அவருடைய பதிலாக இருந்தது.

நியாசின் அளவு மீறினால் கல்லீரலையும் தொடும். 2016இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் பதிவான நோயாளி, ஐம்பது வயதுக் கட்டுமானத் தொழிலாளி. வேலைப்பளுவைச் சமாளிக்க மூன்று வாரம் தினமும் நான்கைந்து எனர்ஜி ட்ரிங்க் குடித்து, கடும் கல்லீரல் அழற்சியுடன் மருத்துவமனையில் சேர்ந்தார். நாளொன்றுக்கு 160 முதல் 200 மில்லிகிராம் வரை அவர் உடம்பில் நியாசின் போயிருக்கிறது என்றும், அதுவே காரணமாக இருக்கக்கூடும் என்றும் மருத்துவர்கள் கருதினார்கள். நம் காம்போவின் காப்ஸ்யூலில் இருக்கும் கிரீன் டீ சாறும் கல்லீரல் பக்கம் போகும் பொருள்தான். டீயாக வடித்துக் குடிப்பதில் அந்தப் பயம் இல்லை. சாறாகச் செறிவூட்டி, அதன் முக்கியக் கூறான இஜிசிஜி நாளொன்றுக்கு 800 மில்லிகிராமைத் தொடும்போது கல்லீரல் நொதிகள் ஏறுவதாக ஐரோப்பிய ஆணையம் 2018இல் கண்டது. நான் வாங்கிய புட்டியில் ‘கிரீன் டீ சாறு 400 மி.கி.’ என்று மட்டும் இருக்கிறதே தவிர, அதில் இஜிசிஜி எவ்வளவு என்பது இல்லை. கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்நிறமாகி, பசி போனால் காமாலைக்குக் கீழாநெல்லி தேடிப்போவதற்கு முன், புட்டியோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஃபேட் பர்னர் என்ற வகைக்கே நல்ல பெயர் இருந்ததில்லை. அமெரிக்காவில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் 2003 பிப்ரவரியில் பயிற்சியின்போது வெப்பத்தாக்கத்தால் இறந்தார். அவர் எடை குறைக்க, எஃபெட்ரின் கொண்ட எஃபெட்ரா மூலிகை கலந்த சப்ளிமென்ட் எடுத்து வந்தது தெரியவந்தது. மறு ஆண்டே எஃபெட்ரா சப்ளிமென்ட்களை எஃப்டிஏ தடைசெய்தது. அதன் இடத்தைப் பிடித்த டிஎம்ஏஏ என்ற ஊக்கப்பொருளும், 2012 லண்டன் மாரத்தானில் இலக்குக்கு ஒரு மைல் முன்னால் விழுந்து இறந்த முப்பது வயதுப் பெண்ணின் விசாரணையில் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிடப்பட்டு, 2013க்குப் பிறகு அமெரிக்கக் கடைகளிலிருந்து விரட்டப்பட்டது. ஒவ்வொன்று போகும்போதும் இன்னொன்று வருகிறது; சினெஃப்ரின் இந்த வரிசையில் வந்ததுதான். ‘ஜெரேனியம் சாறு’ என்றோ ‘மெத்தில்ஹெக்ஸேனமின்’ என்றோ லேபிளில் பார்த்தால் அது டிஎம்ஏஏ என்று அறிந்துகொள்ளலாம். போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்கு அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ள பொருளும்கூட. பெக்லரின் மரணத்தில் வெயிலுக்கும் பங்கு இருந்தது என்பதை, சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஃபேன் மட்டும் ஓடும் ஜிம்களில் பயிற்சி செய்யும் நம் பிள்ளைகள் மனத்தில் வைக்க வேண்டும்.

மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பை கூடவே கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் கருத்தடை மாத்திரையும் காஃபீன் உடலை விட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. அப்போது ஒரு ஸ்கூப்பே இரண்டு ஸ்கூப் போல வேலை செய்யும். வீசிங்குக்குத் தியோஃபிலின் வகை மாத்திரை எடுப்பவர், காஃபீனின் உடன்பிறப்பையே ஏற்கெனவே உள்ளே வைத்திருக்கிறார். தலைவலிக்கும் சளிக்கும் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளிலேயே காஃபீன் உண்டு. ரத்த அழுத்தம், தைராய்டு, மனப்பதற்றம், வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. பாட்டிலின் பின்புறத்தில், தேதிக்கும் பார்கோடுக்கும் நடுவில், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் காஃபீன் ஒவ்வாதவர்களுக்கும் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் குடிக்க வேண்டாம் என்றும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் படிக்க எனக்கே கண்ணாடி தேவைப்பட்டது. போலந்து நாடு 2024 ஜனவரி முதல் பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்கு இந்தப் பானங்களை விற்பதையே தடைசெய்துவிட்டது. இங்கே பள்ளிச் சீருடையோடு வரும் பிள்ளைக்கும் இருபது ரூபாய் இருந்தால் போதும்.

கடையில் நான் கண்ட மற்றொரு பொருளைச் சொல்லாமல் விட முடியாது. கீழ் அலமாரியில் ‘காஃபீன் அன்ஹைட்ரஸ் 100 கிராம்’ என்ற பாக்கெட், அளவுக் கரண்டி எதுவும் இல்லாமல், முன்னூறு ரூபாய்க்கு இருந்தது. தூய காஃபீன் பொடி ஒரு தேக்கரண்டி என்பது ஏறக்குறைய இருபத்தெட்டு கப் காபிக்குச் சமம் என்று எஃப்டிஏ எச்சரித்து, நுகர்வோருக்கு மொத்தப் பாக்கெட்டாக விற்பதை 2018இல் சட்டவிரோதமென்று அறிவித்தது. இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் 2015இல் நடந்த சோதனையொன்றில், 0.3 கிராம் கொடுக்க வேண்டிய இடத்தில் கைபேசிக் கணக்கில் புள்ளி தவறி இரண்டு மாணவர்களுக்கு 30 கிராம் கொடுத்துவிட்டார்கள். இருவரும் தீவிர சிகிச்சையில் டயாலிசிஸ் செய்து பிழைத்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு நான்கு லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. ஆய்வகத்தில் நடந்த பிழையே அப்படி என்றால், ஹாஸ்டல் அறையில் டீஸ்பூனால் அள்ளுபவரை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாக்கெட்டை எந்தக் காரணத்துக்காகவும் வாங்க வேண்டாம்.

காம்போவுக்கு என் மதிப்பு இதுதான்: காம்போவாக வாங்க வேண்டாம். காப்ஸ்யூல் பணத்துக்கும் வீண், உடம்புக்கும் கேடு; அதில் எதையும் பரிந்துரைக்க என்னால் முடியாது. பொடி மட்டும் வேண்டும் என்று கேட்டால், இதயத்திலோ ரத்த அழுத்தத்திலோ குறையில்லாத, பதினெட்டு வயது தாண்டிய ஒருவர், விளிம்போடு வழித்த அரை ஸ்கூப்பைத் தண்ணீரில் கலந்து தொடங்கி, அன்றைக்கு வேறு காஃபீன் பக்கம் போகாமல், மதியம் மூன்று மணிக்குப் பிறகு தொடாமல் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் காலையில் ஜிம்முக்குப் போகிறவருக்கு வீட்டு ஃபில்டர் காபியும் ஒரு வாழைப்பழமும் அதே வேலையைப் பதினைந்து இருபது ரூபாயில் செய்துவிடும். ஏற்கெனவே எல்லாவற்றையும் சேர்த்துக் குடித்துவிட்டு நெஞ்சுவலி, மயக்கம், துடிப்பு தாறுமாறாக ஓடுதல், நிற்காத வாந்தி, வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் 108க்கு அழைத்து, டப்பா, புட்டி, பாட்டில் மூன்றையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்; அவசரப் பிரிவு மருத்துவருக்கு அந்த லேபிள்கள்தான் முதலில் தேவைப்படும்.

கேட்டால் பொடியைத் தனியாகவும் தருகிறார்கள், விலை ரூ. 1,799. பையைப் பிரிக்காமல் பில்லோடு கொண்டுபோனால் ஏழு நாளுக்குள் மாற்றிக்கொடுக்கிறார்கள். காப்ஸ்யூல் புட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்து அதற்கு ஈடாகப் புரதப் பொடி வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, முதலில் தயங்கினாலும் பிறகு சரி என்றார்கள். பணம் ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் அப்படியே செய்துகொள்ளலாம்.